பாராட்டு வருகிறது, ஆள் வருவதில்லை: சேலம் மின்னூலகக் குழுவுக்கு என்ன வழி?

கோரிமேடு:

வணக்கம். சேலம், ஏற்காடு சார்ந்த பழைய புத்தகங்கள், ஊர்ச் சிறப்பு மலர்கள், துண்டு வெளியீடுகள் இவற்றை ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்னூலகத் தளத்தில் இலவசமாக ஏற்றும் சின்னக் குழு ஒன்றை நாங்கள் ஐந்தாறு பேர் நடத்துகிறோம். பதிவு செய்த அமைப்பு கிடையாது. என் வீட்டு மாடியறைதான் இடம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடுகிறோம்.

புதிதாக ஏதாவது ஏற்றி வாட்ஸ்அப்பில் இணைப்பைப் போட்டால் கும்பிடு பொம்மைகள் குவிகின்றன. "அரும்பணி", "தமிழ் உங்களால் வாழும்" என்றெல்லாம் எழுதுகிறார்கள். "ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வர முடியுமா?" என்று கேட்டால் அப்புறம் குழுவில் சத்தமே இருக்காது. பணமும் அதே கதைதான். டெமி அளவில் 200 பக்கப் புத்தகத்தை 300 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்து, சுருக்காமல் மூலக் கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 2.5 ஜிபி ஆகிறது. ஒரே வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) வைத்தால் அது போகிற அன்றைக்கு எல்லாம் போச்சு. அதனால் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்க வேண்டியிருக்கிறது. இதுவரை எல்லாம் கைக்காசு.

எங்களுக்கு வேண்டியது மெய்ப்புப் பார்க்க, அதாவது எழுத்துப்பிழை திருத்த ஆட்கள், வன்தட்டுக்குக் கொஞ்சம் பணம், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்கேன் செய்யப் பொருள். இந்த மாதிரி வேலையில் கை வைத்தவர்கள் யோசனை சொல்லுங்கள். "விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.


அஸ்தம்பட்டி புத்தகப்புழு:

அண்ணா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? டெலிகிராமில் ஒரு சேனல் ஆரம்பியுங்கள். ஜனங்கள் தேடுகிற நாவல்களைப் பிடிஎஃப்பாகப் போடுங்கள். ஆயிரக்கணக்கில் சேருவார்கள். நடுநடுவே உங்கள் ஊர் மலர்களையும் தள்ளிவிடலாம். கூட்டம் இருந்தால்தானே ஆதரவு?


லீபஜார் கணக்கர்:

தம்பி, கூட்டம் வரும், மறுக்கவில்லை. பின்னாலேயே பதிப்பாளரின் வக்கீல் நோட்டீசும் வரும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். நம்மூர்க்காரர்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார். இராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். மறைந்தது 1972 டிசம்பர். ஆக 2032 முடியும்வரை அனுமதி இல்லாமல் அவர் எழுத்தை ஏற்ற முடியாது, 2033 பிறந்துவிட்டால் யாரும் ஏற்றலாம். சேலத்தில் பிறந்து வடநாட்டுப் பயண நூல் எழுதிய பகடாலு நரசிம்மலு நாயுடு மறைந்தது 1922. அவர் எழுதியதெல்லாம் எப்போதோ பொதுச்சொத்து.

இன்னொன்று. ஓசி நாவலுக்கு வருகிற ஆயிரம் பேரில் எத்தனை பேர் கோரிமேடு மாடியறைக்கு வந்து தூசி தட்டுவார்கள் என்று நினைக்கிறாய்?


அஸ்தம்பட்டி புத்தகப்புழு:

சரி சரி, நோட்டீஸ் வேண்டாம். அரசு நாட்டுடைமை ஆக்கிய புத்தகங்களையாவது போடலாமே? அதில் பிரச்சினை இல்லையே?


மெய்ப்புக்காரி:

பிரச்சினை இல்லை, ஆனால் தேவையும் இல்லை. பாரதி பாடல்கள் 1949-லேயே நாட்டுடைமை. அதற்குப் பின் எத்தனையோ எழுத்தாளர்கள் வந்துவிட்டார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் அந்த நூல்களை ஸ்கேன் செய்து கொடுத்ததில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான தமிழ் விக்கிமூலத்தில் இருக்கின்றன. சங்க இலக்கியம், பக்தி இலக்கியம் வேண்டுமென்றால் 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. உலகம் முழுவதும் இருந்த தமிழர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து கட்டியது அது. புதிய எழுத்தாளர்கள் தாமாகவே, யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரும் நூல்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் 2013 முதல் நடக்கிறது. சேலத்தில் ஐந்தாறு பேர் ஞாயிறுதோறும் உட்கார்ந்து இவற்றையே திரும்பச் செய்தால் யார் எதற்காக உதவ வேண்டும்?

நான் விக்கிமூலத்தில் சில வருடங்களாக மெய்ப்புப் பார்க்கிறேன். ஆட்கள் ஏன் வருவதில்லை என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. "வந்து உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். எதைச் செய்ய வேண்டும், எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்கு எந்த மனிதரும் தலையைக் கொடுக்க மாட்டார். விக்கிமூலத்தில் வேலை பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கிறது. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள், வேறொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சை. மத்தியானம் சோறு வேகிற நேரத்தில் ஒரு பக்கத்தை மஞ்சளாக்கிவிட்டு எழுந்து போகலாம். யாரும் யாரையும் "ஏன் போன வாரம் வரவில்லை" என்று கேட்பதில்லை. அந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

மெய்ப்பில் தனி ருசி ஒன்றும் இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, னா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (ஓசிஆர்) அதைப் பார்த்துக் குழம்பி "இல்லை"யை "இல்லே" என்று தரும், "ஆனால்" என்பதை "ஆனல்" என்று தரும். பழைய அச்சில் படித்து வளர்ந்த அறுபது எழுபது வயதுக்காரர்கள் இதைக் கண் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள். எங்கள் குழுவில் வேகமாகவும் பிழையில்லாமலும் பார்ப்பவர்கள் ஓய்வு பெற்ற தமிழாசிரியைகள்தான். கோரிமேடு சார், நீங்கள் கல்லூரிப் பையன்களையே தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது.


கோரிமேடு:

நன்றி அம்மா. ஆசிரியைகள் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களுக்குக் கணினிப் பழக்கம்?


மெய்ப்புக்காரி:

பேரன் பேத்தியோடு வீடியோவில் பேசுகிறவர்களுக்குத் தமிழ் விசைப்பலகை பெரிய விஷயமா? முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடி போட்டவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்.


முன்னாள் நூலகர்:

நான் நூலகத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் நூலகத்தை விட்டுவிட்டு மாடியறையில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது நம் சென்னை மாகாணத்தில், 1948-ல். இன்றும் நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் வசூலாகிறது. ஆக அது உங்கள் இடம். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. பல இடங்களில் பெயரளவுக்கு இருக்கும், சில இடங்களில் உயிரோடு இருக்கும். உயிரோடு இருக்கிற ஒன்றைத் தேடிப் பிடித்து, மாதம் ஒரு ஞாயிறு அங்கே உட்காருங்கள். செய்தித்தாள் படிக்க வருகிற பெரியவர்கள் முதல் மாதம் எட்டிப் பார்ப்பார்கள், அடுத்த மாதம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். அவர்கள் வீட்டில்தான் நீங்கள் தேடுகிற பெட்டிகள் இருக்கின்றன.

சட்டத்திலும் ஒரு வசதி இருக்கிறது. 2012 திருத்தத்தின்படி, வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப்படியாக உள்ள நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். சேமிப்பது மட்டும்தான், இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட அது அனுமதி ஆகாது. இருந்தாலும், உரிமை முடியாத நூல் ஒன்று இராமபாணப் பூச்சிக்கு இரையாகிக்கொண்டிருந்தால் அதை நூலகத்தின் பெயரில் ஸ்கேன் செய்து உள்ளே வைக்கலாம். தனிப்பட்ட குழுவுக்கு அந்த இடம் இல்லை.


லீபஜார் கணக்கர்:

ஐயா சொல்வது சரி. ஆனால் அனுபவத்தில் ஒன்று சொல்லட்டுமா? நண்பர் ஒருவரோடு ஒரு பொது நிறுவனத்தின் பழைய புத்தகங்களைப் படம் எடுக்க அனுமதி கேட்டுப் போனோம். "கடிதம் கொடுங்கள்" என்றார்கள், கொடுத்தோம். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். மேலிடம் எங்கே இருக்கிறது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. பதில் வருவதற்குள் அந்த அலமாரியையே இடம் மாற்றிவிட்டார்கள்.


முன்னாள் நூலகர்:

உண்டு, உண்டு. நானும் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவன்தான். அனுமதி தந்து புத்தகத்துக்கு ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும், தராமல் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதனால் நூலகத்தின் சேகரிப்பில் கை வைக்கிறோம் என்று போகாதீர்கள். வாசகர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பொருளை ஸ்கேன் செய்ய ஒரு மேசையும் ஒரு பிளக் பாயின்ட்டும் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு எந்த மேலிடமும் வேண்டாம். பணம் கட்டி நூலகப் புரவலராகவும் சேரலாம். உங்களில் ஒருவர் சேர்ந்தால் பேச்சுக்கு மரியாதை வரும்.


கொலுசுப்பட்டறை:

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவன். பத்தாவது வரைதான் படிப்பு. இந்த இழையை என் மகள் காட்டினாள். தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் பட்டியலைப் பார்த்தேன். தலபுராணம், செய்யுள், வெள்ளைக்கார கலெக்டர் எழுதிய ஜில்லா புத்தகம். எனக்கு இதில் என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் எத்தனை பட்டறை இருந்தது, எந்த மாதிரி டிசைன் எந்தக் காலத்தில் ஓடியது, கூலி எவ்வளவு, தொழிலாளர் சங்கம் எப்போது என்ன நோட்டீஸ் போட்டது, இதெல்லாம் யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் நான் இன்றைக்கே வருவேன். எங்கள் தெருவே வரும்.

வேலையைப் பிரிப்பது பற்றி அந்த அம்மா சொன்னது எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஒருத்தர் கம்பி இழுப்பார், ஒருத்தர் பற்றவைப்பார், ஒருத்தர் மெருகு போடுவார். முழுக் கொலுசையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் மறுநாள் அவர் பட்டறைக்கே வரமாட்டார்.


கோரிமேடு:

அண்ணே, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. லெஃபானு 1883-ல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918-ல் எழுதிய கெசட்டியரும் ஏற்கெனவே இணையத்தில் வேறு யாரோ ஏற்றியவை. எங்கள் பட்டியலில் அவற்றுக்கு இணைப்பு மட்டும் கொடுத்திருக்கிறோம். அந்தப் புத்தகங்களில் உங்கள் தெரு ஒரு வரியாக வந்தாலே அதிகம்.


காப்பித்தோட்டம்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கொலுசுப்பட்டறை அண்ணன் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். இங்கே மலையிலும் அதே நிலைமைதான், கூடவே ஈரம் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள் வந்துவிடும். தகரப் பெட்டியில் வைத்த காகிதம்கூடப் பூசணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எஸ்டேட்டுகளில் பழைய கூலிப் பதிவேடுகள், காப்பி கணக்குகள் கிடக்கின்றன. எந்த ஊரிலிருந்து யார் வேலைக்கு வந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. எஸ்டேட் கைமாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பதிவேடுகள்தான்.

ஆதரவு பற்றி ஒன்று. "புத்தகத்தைக் கொடுங்கள், சேலத்துக்கு எடுத்துப் போய் ஸ்கேன் செய்து திருப்பித் தருகிறோம்" என்று சொன்னால் இங்கே ஒருவரும் தரமாட்டார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போன பொருள் திரும்பி ஏறாது என்பது இவர்கள் பார்த்து வைத்திருக்கிற உண்மை. பெரிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஆராய்ச்சி என்று சொல்லி வாங்கிப் போன போட்டோக்களே திரும்பி வரவில்லை. நீங்கள் ஏறி வாருங்கள். அவர்கள் திண்ணையிலேயே, அவர்கள் கண் முன்னாலேயே போனில் படம் எடுங்கள். எடுத்த படத்தை அப்போதே அவர்கள் போனுக்கும் அனுப்புங்கள். மூலத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்குங்கள். ஒரு வீட்டில் இப்படி நடந்தால் அடுத்த வீட்டில் தாங்களே கூப்பிடுவார்கள்.

மலைக்கிராமங்களில் மலையாளி பழங்குடி மக்களிடம் காகிதமே அதிகம் இருக்காது, பாட்டாகத்தான் இருக்கும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தெல்லாம் வருவார்கள். மின்னூலகம் என்றால் ஒலிப்பதிவும் சேர்ந்ததுதானே? பாடுகிறவரிடம் முன்கூட்டியே கேட்டு, இணையத்தில் போடலாமா என்று தெளிவாகச் சொல்லி, சம்மதத்தையும் அதே பதிவில் அவர் குரலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். திருவிழாக் கூட்டத்தில் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பது வேண்டாம். கோடை விழா சமயத்தில் தயவுசெய்து வராதீர்கள், மலையில் பார்க்கிங்குக்கே இடம் இருக்காது.


என்எஸ்எஸ் வாத்தியார்:

திண்ணை ஸ்கேன் நல்ல யோசனை. எங்கள் கல்லூரி மாணவர்களை அனுப்ப முடியும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். வருடா வருடம் மரக்கன்று நடுவதும் ஊர்வலம் போவதுமாக அந்த மணி நேரத்தை நிரப்புகிறோம். நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழுக்காக வருகிறவர்கள் சான்றிதழ் கிடைத்ததும் போய்விடுவார்கள். ஓரிருவர் மட்டும் நிற்பார்கள். தங்கள் சொந்தத் தெருவையோ சொந்தத் தாத்தாவையோ அந்தக் காகிதத்தில் பார்த்த பிள்ளைகளாக இருப்பார்கள் அவர்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்க மலரைக் கொடுங்கள். யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதைக் கொஞ்சம் பார்த்துச் செய்தால் நிற்கிறவர் எண்ணிக்கை கூடும்.

படம் எடுக்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பிளாஷ் கூடாது, ஜன்னல் வெளிச்சம் போதும், போன் ஆடாமல் இருக்கத் தாங்கி வேண்டும், ஓரம் வெட்டுப்படக் கூடாது, பக்க எண் தெரிய வேண்டும். இது இல்லாமல் அனுப்பினால் எல்லாப் படத்திலும் பையனின் கட்டைவிரல் இருக்கும்.


துபாய் சேலத்தான்:

நான் கிச்சிப்பாளையத்தில் வளர்ந்தவன். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது, நேரம்தான் இல்லை. பணம் அனுப்புகிறேன். யார் கணக்குக்கு அனுப்ப? நாங்கள் நண்பர்கள் சில பேர் சேர்ந்து அனுப்பத் தயார். அதில் ஒருவர் இப்போது கனடா குடிமகன்.


லீபஜார் கணக்கர்:

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். நீங்கள் இந்தியக் குடிமகனாகவே இருந்து, உங்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. உங்கள் கனடா நண்பர் குடியுரிமை மாறிவிட்டவர். பிறந்தது சேலமாகவே இருந்தாலும் அவர் தரும் நன்கொடை 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் வரும். அதை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இந்தக் குழுவுக்கு அது ஆகிற காரியம் இல்லை. அவரை மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிவு பற்றிக் கேட்பீர்கள் என்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதியலாம். பதிந்த பிறகு வருடா வருடம் பொதுக்குழு, தணிக்கை, கணக்கு தாக்கல் எல்லாம் உண்டு. விட்டுப்போனால் அபராதம். ஐந்தாறு பேர் குழுவில் அதற்கென்றே ஒருவர் உட்கார வேண்டும், அதாவது ஒரு ஸ்கேன்காரர் குறைவார். நன்கொடை தருபவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்க வைக்கும் 80ஜி அனுமதி வாங்கினால் நன்கொடை கொட்டும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தாலும் கிடையாது.

என் யோசனை, இப்போதைக்குப் பணமே வாங்க வேண்டாம். பொருளாக வாங்குங்கள். துபாய் தம்பி ஒரு வன்தட்டை வாங்கி நேராக கோரிமேடு விலாசத்துக்கு அனுப்பட்டும். ரசீதில் அவர் பெயர் இருக்கும். கணக்கு வழக்குச் சண்டை வராது. பணத்தால் உடைந்த நல்ல குழுக்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.


முன்னாள் நூலகர்:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பதிவு இல்லாத குழுவோடு கல்லூரியோ பல்கலைக்கழகமோ ஒப்பந்தம் போடாது. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழிவுநிலை ஆவணங்கள் திட்டம் போன்ற இடத்தில் விண்ணப்பிக்க வேண்டுமென்றாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் நிழல் தேவைப்படும். இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டத்தைப் பாருங்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது. பிற்பாடு நிறுவனமாக அமைந்ததால்தான் இத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறது. அவர்கள் புத்தகத்தோடு நிற்கவில்லை. பள்ளி மலர், நினைவு மலர், துண்டறிக்கை என்று எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். இறந்துபோன அப்பாவின் நினைவு மலர் அங்கே இருக்கிறது என்று தெரிந்த குடும்பம் அந்த நூலகத்தை மறக்குமா?

நம் ஊரிலும் முன்மாதிரி இருக்கிறது. 1880-ல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார்தான் உ.வே.சாமிநாதையரைச் சீவக சிந்தாமணி பக்கம் திருப்பியவர். சும்மா "படியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, பிரதியையும் கொண்டுவந்து கொடுத்தார். 1887-ல் நூல் அச்சானபோது முன்கூட்டியே பணம் தருவதாகக் கையொப்பம் இட்டவர்களின் துணையும் இருந்தது. ஒரு புத்தகம், அதற்கு இன்னார் இன்னார் உதவி என்று பெயர் போட்டுக் கேளுங்கள். "எங்கள் குழுவுக்கு நிதி" என்று கேட்பதைவிட "இந்த மலரை ஸ்கேன் செய்ய இவ்வளவு ஆகும், முதல் பக்கத்தில் உங்கள் தாயார் பெயர் இருக்கும்" என்றால் இந்த ஊரில் தருவார்கள். கோயில் டியூப்லைட்டில் பெயர் எழுதுகிற ஊர் இது.


லீபஜார் கணக்கர்:

டியூப்லைட்டில் வெளிச்சத்தைவிடப் பெயர்தான் பெரிதாக இருக்கும் ஐயா. பதிவு விஷயத்தில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.


அஸ்தம்பட்டி புத்தகப்புழு:

ஒரு டெக்னிக்கல் விஷயம் மட்டும். எல்லாவற்றையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஒன்றையே நம்பி வைக்காதீர்கள். 2024 அக்டோபரில் ஹேக்கர்கள் தாக்கி அந்தத் தளம் பல நாள் படுத்துவிட்டது. ஏற்றியவை அழியவில்லை, ஆனால் அந்த நாட்களில் எடுக்க முடியவில்லை. ஒரு தட்டு கோரிமேட்டில், இன்னொன்று ஏற்காட்டிலோ வேறு ஊரிலோ இருக்கட்டும். நான் கணினி படிக்கிறேன், பக்கங்களை வெட்டி நேராக்கும் வேலையை ஸ்கேன் டெய்லர் மென்பொருளில் செய்து தருகிறேன். இரவில்தான் செய்வேன். ஞாயிறு காலை எழுந்திருக்கச் சொல்லாதீர்கள்.


கோரிமேடு:

தம்பி, நீங்கள் இரவில் செய்தாலும் சரி, விடியற்காலையில் செய்தாலும் சரி, கோப்புகளை இன்றைக்கே அனுப்புகிறேன். வெளியூர்த் தட்டுக்கு காப்பித்தோட்டம் சம்மதித்தால் நல்லது, ஈரம்தான் யோசனையாக இருக்கிறது.


காப்பித்தோட்டம்:

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். கேமரா லென்சையே அப்படித்தான் வைத்திருக்கிறேன்.


கொலுசுப்பட்டறை:

இன்னொரு சங்கதி. எங்கள் தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் தச்சு வேலை பார்த்தவர். ஏற்காடு ரோட்டில் இப்போது அந்த வளைவு மட்டும் நிற்கிறதே, அங்கேதான். அவர் சேர்த்து வைத்த சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. கூடவே அந்தக் காலத்து நோட்டீஸ்கள். 1944-ல் நீதிக்கட்சி பெயர் மாறித் திராவிடர் கழகம் ஆன சேலம் மாநாட்டு நோட்டீசும் அதில் இருப்பதாக அப்பா சொல்வார், நான் பிரித்துப் பார்த்ததில்லை. பழைய பேப்பர் கடைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். இதெல்லாம் உங்களுக்கு ஆகுமா?


மெய்ப்புக்காரி:

ஐயோ, ஆகுமா என்று கேட்கிறீர்களே! பேப்பர் கடைக்காரரை வாசலிலேயே நிறுத்துங்கள்.


லீபஜார் கணக்கர்:

ஆகும். ஆனால் எடுத்ததையெல்லாம் உடனே ஏற்ற வேண்டாம். பாட்டுப் புத்தகத்தில் பாட்டு எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ல் மறைந்தார், அவருக்கான காலம் முடிந்துவிட்டது. கண்ணதாசன் 1981, ஆகவே 2041 வரை உரிமை இருக்கிறது. அப்படிப்பட்டவற்றுக்கு இப்போது பட்டியல் மட்டும் போடுங்கள். படத்தின் பெயர், ஆண்டு, அச்சகம், பக்க எண்ணிக்கை. பட்டியலுக்கு யாரும் தடை சொல்ல முடியாது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அதுவே பெரிய உதவி.


கோரிமேடு:

அண்ணே, வருகிற ஞாயிறு உங்கள் பட்டறைக்கே வருகிறோம். ஸ்கேனரைத் தூக்கி வரமாட்டோம், போன், தாங்கி, ஒரு கண்ணாடித் தகடு போதும். பெட்டி உங்கள் வீட்டை விட்டு வெளியே போகாது. வாத்தியார் சார், செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் அனுப்புங்கள். தெருவில் பெரியவர்களிடம் பழைய கூலிச் சீட்டு, சங்க நோட்டீஸ் ஏதாவது இருந்தால் அன்றைக்கே கொண்டுவரச் சொல்ல முடியுமா?


முன்னாள் நூலகர்:

பெட்டியைத் திறந்ததும் பூச்சி போகட்டும் என்று வெயிலில் காயப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து மலிவுக் காகிதத்தில் அமிலம் அதிகம், வெயில் பட்டால் அப்பளமாக நொறுங்கும். நிழலில், மின்விசிறி போடாமல், கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். ஒட்டியிருக்கும் பக்கங்களை இழுக்க வேண்டாம், நானும் வருகிறேன், பார்த்துப் பிரிக்கலாம். மென்மையான தூரிகை ஒன்று கொண்டுவருகிறேன்.


கொலுசுப்பட்டறை:

சரிங்க ஐயா. பெட்டி பரணில் இருக்கிறது, சனிக்கிழமை ராத்திரி இறக்கி வைக்கிறேன். பட்டறை லீவுதான், இடம் தாராளமாக இருக்கும். தெருவில் நாலைந்து பேரிடம் சொல்லிவிட்டேன், ஒருத்தர் இப்போதே அவர் அப்பாவின் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். பதினோரு மணிக்கு மேல் நான் கறி எடுக்கப் போகணும்.